மானகிரி மாடிக் காற்று

பிலாய்
14-6-1967

அன்புள்ள மாப்பிள்ளை பொன்னழகுக்கு,

நாங்கள் மூவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். கைக்குழந்தை வழியெல்லாம் அழவில்லை. அந்த வேலையை உன் அக்கா வீரலட்சுமி எடுத்துக்கொண்டாள். மீனாளை உங்களிடம் விட்டுவிட்டு வந்ததற்காக நாக்பூர் வரை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பேசியதை எழுத இந்தத் தாள் போதாது. உனக்கும் சோணையம்மாளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே தமிழில் படிக்க வழியில்லை என்பதால்தான் பத்து வயதுப் பெண்ணை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறேன். ஆகவே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆலை நூலகத்துக்கு ஆங்கில மருத்துவ மாத இதழ் ஒன்று வருகிறது. அதைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் நிதானமாகப் படிக்க முடிகிறது. வளரும் பிள்ளைகள் சினிமாத் திரையைப் பார்ப்பதால் வரும் கேடுகளைப் பற்றி ஒரு வெளிநாட்டு டாக்டர் அதில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். கண், முதுகெலும்பு, ஜீரணம், தூக்கம், ஒழுக்கம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. படித்து முடித்தபோது எனக்கே முதுகு வலித்தது.

மீனாளுக்கு ஆண்டுக்கு இரண்டு படம் போதும். இரண்டும் பக்திப் படமாக இருக்க வேண்டும். திரைக்கும் அவளுக்கும் நடுவில் நாற்பது அடி இருக்க வேண்டும். அவளுடைய உயரம், எடை, பார்வை மூன்றையும் அளந்து மாதாமாதம் எழுது.

அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பு. அதற்குள் பிசகு ஏதாவது தெரிந்தால், திருச்சியில் பெண்கள் விடுதி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சுற்றி இரண்டு மைலுக்குச் சினிமாக் கொட்டகை கிடையாது. நானே நடந்து பார்த்தேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. இது ஏற்பாடு.

உன் அத்தான்,
நாகநாதன்

---

மானகிரி
29-6-1967

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்குப் பொன்னழகு வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு மட்டும், உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. இப்போது சரியாகிவிட்டது. அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மீனாளை அரிசி மில் தராசில் நிறுத்தோம். ஐம்பத்து நாலு ராத்தல் இருக்கிறாள். உயரத்தை நிலைக்கதவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோயில் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்களை இங்கிருந்தே எண்ணுகிறாள். நான் எண்ணிச் சரிபார்க்கப் போனேன். எனக்குக் கோபுரம்தான் தெரிந்தது.

சினிமா விஷயத்தில் நீங்கள் கவலையே பட வேண்டாம். மீனாள் எந்தச் சினிமாக் கொட்டகையின் வாசலையும் மிதிக்க மாட்டாள். இதைக் குலதெய்வத்தின் மேல் ஆணையாக எழுதுகிறேன். தியேட்டர் என்றால் காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். கூட்டுறவுச் சங்க ஆபீஸ் வேலைக்காக நான் தினமும் அங்கே போய் வருகிறேன், அதுவே எனக்குப் போதும். அந்த இரண்டு பக்திப் படம்கூட வேண்டாம் என்கிறாள் சோணையம்மாள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாக இந்த வீட்டில் எதிரொலி மட்டும்தான் இருந்தது. இப்போது மீனாள் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதையே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் ஏகப்பன் என்கிறவர் நாலைந்து வண்டி மூங்கிலும் கீற்றும் இறக்கியிருக்கிறார். என்ன கட்டப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. பிறர் காரியத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

தங்கள் அன்புள்ள,
பொன்னழகு

---

மானகிரி
20-9-1967

அன்புமிக்க அத்தானுக்கு,

உங்களுக்கு முதுகு வலி தேவலையா? அக்காவுக்கும் குழந்தைக்கும் அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? இங்கே மூன்று பேரும் திடமாக இருக்கிறோம்.

மீனாள் இரண்டு ராத்தல் கூடியிருக்கிறாள். உயரம் முக்கால் அங்குலம். பசியும் தூக்கமும் பிரமாதம். காரணம் என்னவென்று நானும் யோசித்தேன். மாடிக் காற்றைத் தவிர வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் மாலை ஆறே முக்காலுக்கு மாடிக்குப் போனால் ஒன்பதரைக்குத்தான் இறங்குகிறோம். அவ்வளவு சுகமான காற்று. அரைமணிக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் நின்று, மறுபடியும் தொடங்குகிறது. நடுவில் ஒரு பத்து நிமிஷம் அடியோடு நின்றுவிடும். அப்போது சோணையம்மாள் கீழே போய் முறுக்கு எடுத்து வருவாள். வெள்ளிக்கிழமைக் காற்று புதிதாக இருக்கும். வியாழக்கிழமை அவ்வளவு ருசிக்காது.

எங்கள் தெருவின் வடசாரியில் பதினோரு வீடு. எல்லாருமே மாடியில்தான் இருக்கிறார்கள். மாடி இல்லாத தென்சாரிக்காரர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இங்குட்டுக் கொஞ்சம் காத்து வாங்கிக்கிறோம்" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
பொன்னழகு

---

பிலாய்
2-10-1967

அன்பு மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். முதுகு வலி போய்விட்டது. அடுத்த இதழில் கழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

உன் கடிதம் எனக்கு மிகுந்த திருப்தி. அந்த டாக்டரும் இதைத்தான் சொல்கிறார். திரையிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் திறந்த வெளியில் விட்டால் மூன்றே மாதத்தில் பலன் தெரியும் என்கிறார். நீ கணக்கு வைத்ததுபோல் மூன்றாவது மாதமே தெரிந்திருக்கிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதி அந்த இதழுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அரைமணிக்கு ஒருமுறை நின்று வீசும் காற்றைப் பற்றி எங்கள் வரைபடப் பிரிவில் ஓர் என்ஜினியரிடம் கேட்டேன். ஆச்சரியப்பட்டார். கண்மாய் நீர் சூடு ஆறுகிற விதத்தால் அப்படி ஆகலாம் என்று நானே ஊகித்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு நேரம் குறித்து அனுப்பு.

மழைக்காலம் வருகிறது. அதற்காக மாடியை நிறுத்திவிடாதே. தூறலாக இருந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்காரட்டும். ஒரு நாள்கூட விட வேண்டாம். இதை என் உத்தரவாகவே வைத்துக்கொள்.

நாகநாதன்

---

மானகிரி
12-12-1967

வணக்கத்துக்குரிய அத்தானுக்கு,

உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? இங்கே ஜுரம், சளி எதுவும் இல்லை. உத்தரவுப்படி குடையோடு உட்கார்ந்தும் மீனாளுக்கு ஒரு தும்மல் வரவில்லை.

ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. அதை எழுதாமல் இருக்க ஒரு மாதம் முயன்றேன்.

மீனாள் எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறாள். விபூதியை இடது கையால் எடுத்தாள், போகட்டும் என்று விட்டோம். பள்ளிக்கூடத்தில் கொடிக்கு இடது கையால் சல்யூட் அடித்திருக்கிறாள். வகுப்பு வாத்தியார் தண்டாயுதபாணி சார் என்னை வழியில் நிறுத்தி, "நல்லா படிக்கிற பிள்ளைங்க. கையை மட்டும் என்னன்னு பாருங்க" என்றார். போன செவ்வாய்க்கிழமை இடது கையால் சோறு பிசைந்துவிட்டாள். சோணையம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஏங்க, பிள்ளை என்ன பண்ணுதுன்னு பாக்காம பேப்பரைப் பாத்துக்கிட்டு இருக்கீக!" என்று சத்தம் போட்டாள். நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்வது?

இது எங்கள் வளர்ப்பால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டில் மட்டும் இல்லை. வடசாரி முழுக்க இதே கதை. பெண்கள் எல்லாரும் முந்தானையை வலத் தோளில் போடுகிறார்கள். கடைசி வீட்டு இளவட்டம் சட்டைப் பையை வலப் பக்கம் தைக்கச் சொல்லித் தையல்காரரோடு சண்டை போட்டிருக்கிறான். எனக்கும் கைக்கடிகாரம் வலது கையில்தான் பொருந்துகிறது. தென்சாரியில் ஒருவருக்கும் இது இல்லை. பாயோடு வந்து போகிற நாலு பேரைத் தவிர.

நீங்கள் படித்தவர்கள். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

கவலையுடன்,
பொன்னழகு

---

பிலாய்
2-1-1968

மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் அக்கா நாலு நாளாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வரைபடம் போட்டேன். பதினோரு வீட்டையும் சிவப்பு மையால் குறித்தேன். முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகித்தேன். இரண்டு சாரிக்கும் கிணறு ஒன்றே என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே தண்ணீர் இல்லை. அரிசி ஒரே மில். ஆகவே அரிசியும் இல்லை. வடசாரிக்கு மட்டும் உரியது எது? பாயோடு வந்த நாலு தென்சாரிக்காரர்களுக்கும் தொற்றியது எது?

மாடிக் காற்று.

வடக்கே அந்தப் பொட்டலிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. அது மூளையின் இடம் வலத்தைக் குழப்புகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கேயுள்ள டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் அந்த இதழைப் படிப்பதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து மீனாள் மாடி ஏறக் கூடாது. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நீ வைத்துக்கொள். ஜூன் மாதம் அவள் திருச்சி விடுதியில் சேருவாள். விண்ணப்பப் பாரம் எழுதிப் போட்டுவிட்டேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. காற்றுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

நாகநாதன்

---

மானகிரி
25-1-1968

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா சாப்பிடுகிறாளா? உடனே எழுதுங்கள். இங்கே பொங்கல் வந்தது, போனது.

மாடிக் கதவைப் பூட்டியாகிவிட்டது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. இரண்டு வாரத்தில் மீனாள் இரண்டு ராத்தல் இறங்கிவிட்டாள். இடது கைக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சோணையம்மாள் அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மாலை நேரம் கழிய மாட்டேன் என்கிறது. நான் ஒரு பக்கம் உட்காருகிறேன், சோணையம்மாள் ஒரு பக்கம் உட்காருகிறாள். நடுவில் மீனாள் கணக்குப் போடுகிறாள். வடசாரி ஆட்கள் தினமும் வந்து அவளைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு நேற்று வந்து, "மீனாள் இல்லாம மாடியில ஒண்ணுமே வெளங்கலைங்க. பிள்ளையை ஒரு அரைமணி மட்டும் அனுப்புங்க" என்று கெஞ்சினாள். இரண்டு நாளைக்கு முன் அவர்கள் மாடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் "என்ன எழுதியிருக்கு? என்ன எழுதியிருக்கு?" என்று கத்தியது எங்களுக்கும் கேட்டது. அது காற்று சம்பந்தமானது.

அத்தான், காற்றில் ஏதோ இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மூக்கில் பஞ்சு வைத்து அனுப்பிப் பார்க்கலாமா? விடுதி பற்றி அவசரப்பட வேண்டாம் என்று சோணையம்மாள் உங்களிடம் கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பொன்னழகு

---

மானகிரி
18-2-1968

என் அன்பான அப்பாவுக்கு மீனாள் முத்தங்களுடன் எழுதுவது.

அம்மா, தம்பி, உங்கள் கழுத்து எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை மாமாவின் பேனாவில் எழுதுகிறேன். மை ஒற்றும் தாளில் ஒற்றவில்லை. காயும் வரை ஊதினேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்பா, காற்றின் மேல் தப்பில்லை. பொட்டலில் இருப்பது ஏகப்பன் டூரிங் டாக்கீஸ். எங்கள் மாடிக்கு நேராகத் திரையின் பின்பக்கம். திரை துணிதானே, முன்னால் விழுகிற படம் பின்னாலும் தெரியும். ஒரே ஒரு மிஷின் இருப்பதால் ரீல் மாற்றும்போது நின்று நின்று ஓடும். ஜூலையிலிருந்து எல்லாப் படமும் பார்த்தேன். மாமா பொய் சொல்லவில்லை. கொட்டகை வாசலை நான் மிதிக்கவே இல்லை.

கை விஷயம் இப்போதுதான் எனக்கு விளங்கியது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் எங்களைக் காரைக்குடித் தியேட்டருக்குப் பல் துலக்கும் படம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மாமாவின் ஆணை முறியக் கூடாது என்று வாசல்படியை மிதிக்காமல் குதித்துத் தாண்டினேன். பல் படம் முடிந்ததும் ஒரு சினிமாவும் கொஞ்சம் போட்டார்கள். எங்கள் மாடியிலிருந்து நான் பன்னிரண்டு தடவை பார்த்த கதாநாயகர் வந்தார். ஆனால் மச்சம் கன்னம் மாறியிருந்தது. கத்தியை வலது கையில் பிடித்திருந்தார். நான் எழுந்து நின்று, "சார், இது அவர் இல்லை! ஆள் மாறாட்டம்!" என்று கத்திவிட்டேன். தண்டாயுதபாணி சார் என்னை உட்கார வைத்தார். தென்சாரிப் பிள்ளைகள் பஸ் வரும் வரை சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். எல்லாம் புரிந்தது. அவர்கள் எல்லாருமே வலது கைக்காரர்கள். நாங்கள்தான் பின்னாலிருந்து பார்த்தோம். அன்றைக்கே நான் வலது கைக்கு மாறிவிட்டேன். அத்தைக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், முந்தானையை மாற்றிக்கொண்டாள். மாமாவுக்கு இன்னும் தெரியாது. மூக்குப் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறார்.

பின்பக்கத்தில் எழுத்தும் திரும்பித்தான் தெரியும். வடசாரியில் அதை வேகமாகப் படிக்கிறவள் நான் மட்டும்தான். படத்தில் யாராவது கடிதம் எழுதினால் நான் சத்தமாகப் படித்தால்தான் மற்றவர்களுக்குக் கதை தெரியும். அதனால்தான் தேடுகிறார்கள். மை ஒற்றும் தாளிலும் எழுத்து அப்படித்தான் விழும். மாமா உங்களுக்கு எழுதியதை எல்லாம் நான் அதில் படித்துவிட்டேன். நான் எழுதுவதை அவர் அப்படிப் படித்துவிடக் கூடாது என்றுதான் ஒற்றவில்லை. "எனக்கு எழுத வரவில்லை" என்ற இடத்தில் மை பரவியிருந்தது. அது மை ஒற்றியதால் பரவியது இல்லை.

விடுதியில் சேர்ப்பதாக இருந்தால் சேருங்கள். ஆனால் காற்றுக்காகச் சேர்க்காதீர்கள். நான் படம் பார்த்ததற்காகச் சேருங்கள். மாமா அத்தையை ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
மீனாள்

---

பிலாய்
10-4-1968

மாப்பிள்ளைக்கு, நலம். ஏப்ரல் 26ஆம் தேதி காலை ரயிலில் நான் மட்டும் வருகிறேன். பன்னிரண்டு நாள் இருப்பேன். மாடிச் சாவியை எடுத்து வை. நாகநாதன்.

---

மானகிரி
12-5-1968

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். சோணையம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சாதம் நாக்பூர் வரை தாங்கியதா? இங்கே எல்லாரும் தெம்பாக இருக்கிறோம், ஒரு விஷயம் தவிர. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று கார்டு வந்ததும், ஏகப்பனின் காலைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கறுப்புப் படுதா தொங்கவிடச் சொன்னவன் நான்தான். பதினோரு வீடும் என்னோடு பேச்சை நிறுத்தியது. நீங்கள் முதல் நாள் மாடியில் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்து, "எங்கப்பா காத்து? ஒருத்தரையும் காணோம்?" என்று கேட்டபோது, காபி எடுத்து வருவதாகச் சொல்லி நான் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் நீங்களே நேராக ஏகப்பனிடம் போவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அந்தப் படுதாவை எடுங்கய்யா. ஒரு பரிசோதனை நடத்தணும்" என்றீர்கள். அவர், "முன்னால வந்து உக்காந்து நடத்துங்களேன், யாரு வேணாங்குறா?" என்றார். நீங்கள் சற்றும் அசராமல், "முன்னால நாற்பது அடி கிடைக்காது" என்றீர்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "படுதா கட்டுனதிலிருந்து காத்து போக வழியில்லாம திரை கிழியப் பாக்குது. எடுத்துத் தொலைக்கிறேன். ஒரு வருஷமா ஊரே ஓசியில பாக்குது, உங்களுக்கு மட்டும் என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடிக்கும் திரைக்கும் நீங்கள் நாடா வைத்து அளந்ததில் நூற்றுப் பத்து அடி வந்தது. அதை நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டீர்கள்.

ஐந்தாம் நாள் படத்தில் கதாநாயகி பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மொத்த மாடியும் மீனாள் பக்கம் திரும்பியது. அவள் ஒரே மூச்சில் படித்தாள். அப்போது நீங்கள் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படம் பார்க்கிறேன் என்ற பெயரில் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் படம் முடியும் முன்பே நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. திரையில் கதாநாயகி தன் அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது பெட்டியைத் தூக்கினீர்கள். படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள்.

இப்போது அந்த ஒரு விஷயம். விடுதி பற்றி ஒன்றுமே சொல்லாமல் ரயிலேறிவிட்டீர்கள். சோணையம்மாள் மீனாளின் பாவாடைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். அப்புறம் வெயிலில் போட வேண்டும் என்று எடுத்துவிடுகிறாள். இன்றைக்கு மூன்றாவது தடவை. ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பொன்னழகு

---

பிலாய்
25-5-1968

அன்பு மாப்பிள்ளைக்கு,

புளிச்சாதம் நாக்பூரைத் தாண்டியும் தாங்கியது. இங்கே அனைவரும் நலம்.

திருச்சி விடுதியைப் பற்றி மேலும் விசாரித்தேன். அங்கே பிள்ளைகள் மாடி ஏற அனுமதி இல்லையாம். காற்று வசதி இல்லாத இடத்தில் வளரும் பெண்ணைச் சேர்ப்பதற்கில்லை. ஆகவே மீனாள் அங்கேயே இருந்து காரைக்குடியில் ஆறாம் வகுப்பில் சேரட்டும்.

வாரத்தில் இரண்டு மாலை மாடிக்குப் போகலாம். மற்ற நாட்களில் படிப்பு, விளையாட்டு, ஒன்பது மணிக்குத் தூக்கம். தூரம் நூற்றுப் பத்து அடி என்பதால் விதி மீறப்படவில்லை என்று நோட்டில் பதிந்திருக்கிறேன். உயரம், எடை வழக்கம்போல் வர வேண்டும். கட்டுரையை அந்த இதழுக்கு அனுப்பவில்லை.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

நாகநாதன்

தம்பி, அக்கா எழுதுறேன். எழுத ஒண்ணும் இல்லைன்னு சொல்ற மனுசன் இதுக்கு முன்னாடி மூணு கடிதாசி எழுதிக் கிழிச்சாக. அடுப்புல போட்டுட்டாக. போன ஞாயித்துக்கிழமை, கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல முதல் தடவையா என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனாக. படம் ஆரம்பிச்சதும் எந்திரிச்சுப் போயி, படத்தைத் திருப்பிப் போட்டிருக்கீகன்னு மானேஜர்கிட்ட மல்லுக்கு நின்னாக. எனக்கு மானம் போச்சு. அந்த மூணு கடிதாசிக்கும் மை ஒத்துன தாள் மேசையில கெடந்துச்சு. இதோட வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல. மீனாள்கிட்ட குடு.

---

மானகிரி
4-6-1968

அருமை அப்பாவுக்கு,

அம்மாவும் தம்பியும் நீங்களும் சந்தோஷமாக இருக்கிறீர்களா? நாங்கள் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறோம். அத்தை பெட்டியைப் பரணில் போட்டுவிட்டாள். மாமா எனக்குச் சொல்லாமல் சாவியை மாடிக் கதவின் ஆணியில் மாட்டிவிட்டார். எடை ஐம்பத்தெட்டு ராத்தல். நிலைக்கதவில் மூன்று கோடு ஏறியிருக்கிறேன்.

அம்மா அனுப்பிய தாளை மாமா என்னிடம் கொடுத்தார், அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. நானே படித்தேன். மூன்று கடிதமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒற்றியிருப்பதால் சில வரிதான் தெரிகிறது. "மீனாளின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, பார்க்க வேண்டியதைப் பார்க்காதவன்" என்று ஒரு இடத்தில் இருக்கிறது. யார் என்று தெரியவில்லை, அங்கே மை கொட்டியிருக்கிறது. கீழே, "கடைசியில் அந்தப் பெண் தன் அப்பாவுக்கு என்ன எழுதினாள் என்று மீனாளைக் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே" என்று இருக்கிறது. இது மூன்று கடிதத்திலும் இருந்திருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று தடவை ஒற்றியதால் கறுப்பாகத் தெரிகிறது.

நீங்கள் கேட்டதாக யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா, அந்தக் கடிதம் திரையில் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "நான் இங்கே நன்றாக இருக்கிறேன், என்னை நினைத்து வருந்த வேண்டாம்" என்பது வரை படித்தேன். அப்போது நிஜமான காற்று அடித்துத் திரை மடிந்துவிட்டது. மிச்சம் எனக்கும் தெரியவில்லை. ஆனால் பதினோரு வீடும் என்னையே பார்த்தது. "என்னடி, மேல படி" என்று அம்மாக்கண்ணு அக்கா அழுதுகொண்டே கேட்டாள். அதனால் நானாக ஒரு வரி சேர்த்துப் படித்துவிட்டேன்.

"அடுத்த லீவுக்கு வரும்போது கடைசி ரீல் வரை இருங்கள், அப்பா."

எல்லாரும் அழுதார்கள். அத்தை மாமாவின் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதுவரைக்கும் யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை.

இந்தத் தடவை ஊதிக் காய வைக்கவில்லை. இந்தக் கடிதத்தை மை ஒற்றித்தான் அனுப்புகிறேன், ஒற்றிய தாள் மாமாவின் மேசையிலேயே இருக்கும்.

உங்கள்,
மீனாள்